காளையின் கீழ் இருக்கும் எழுத்து: பழைய நாணயங்களைக் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி?

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் இப்போது பலரும் முதலில் செய்வது, அதை உள்ளங்கையில் வைத்துக் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்து, வரலாறு படித்த யாராவது ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதுதான். "இது எந்தக் காலத்துக் காசு?" என்ற கேள்வியும் கூடவே போகும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கைரேகைகள் எல்லாம் துல்லியமாகத் தெரியும். காசு மட்டும் பச்சையும் கறுப்புமாக ஒரு கறை போலக் கிடக்கும். பதில் சொல்ல வேண்டியவர் "நேரில் பார்த்தால்தான் சொல்லலாம்" என்பார். அந்த நேரில் பார்ப்பது பெரும்பாலும் நடப்பதேயில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் பழைய காசுகள் அருங்காட்சியகங்களில் மட்டும் இல்லை. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது வந்தவை, தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் பட்டவை, அம்மம்மாவின் தகரப்பெட்டியில் பொத்தான்களோடு கிடந்தவை என்று வீடுகளிலும் இருக்கின்றன. இடம்பெயர்வுகளில் தொலைந்தவை போக மிஞ்சியவை இவை. இவற்றிலும் சில பழைய செம்பு, பித்தளை வாங்குபவரின் தராசுக்குப் போய்விடுகின்றன. சில பிள்ளைகளின் விளையாட்டில் காணாமல் போகின்றன. காசு போன பிறகு மிஞ்சுவது, யாராவது எடுத்து வைத்த படம் ஒன்றுதான். அந்தப் படத்தில் எழுத்தை வாசிக்க முடியாவிட்டால் படம் இருந்தும் பயனில்லை.

நல்ல படம் எடுக்க விலை கூடிய தொலைபேசி வேண்டுமென்பதில்லை. நான்கைந்து வருடம் பழைய சாதாரண தொலைபேசி, ஒரு ரோர்ச் லைற், சில புத்தகங்கள், ஓர் அடிமட்டம் இருந்தால் போதும். ஆனால் வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, படம் எடுக்க மிகவும் சிரமமான ஒன்றையே பார்ப்போம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயம் செம்பினால் ஆனது. ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலமானது. ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம்; மறுபக்கத்தில் படுத்திருக்கும் காளை, அதன் கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்து. கையால் அடித்த காசு என்பதால் அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விலகி, எழுத்தின் பாதி விளிம்புக்கு வெளியே போயிருப்பதும் உண்டு. அதன்மேல் நூற்றாண்டுகளின் தேய்மானம், செம்பில் படிந்த களிம்பு.

இதற்கு முந்திய பொலநறுவைக் கால அரசர்களின் செப்புக்காசிலும் ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம் இருக்கிறது. இராஜராஜன் பெயர் பொறித்த காசிலும் அப்படித்தான். அவற்றின் மறுபக்கத்தில் அமர்ந்த உருவமும், கையருகே நாகரி எழுத்தில் அரசர் பெயரும் இருக்கும். ஆகவே நிற்கும் உருவம் உள்ள பக்கத்தை மட்டும் எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும் காசு யாழ்ப்பாணத்து அரசனுடையதா, பொலநறுவையில் இருந்த அரசனுடையதா, சோழனுடையதா என்று தீர்ப்பது கடினம். இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டாவது பக்கத்தில் எழுத்து தெரியவும் வேண்டும்.

எழுத்தைக் காட்டுவது நிழல்

புத்தகத்தில் உள்ள எழுத்து கறுப்பு மையால் தெரிகிறது. காசில் எழுத்துக்கும் தளத்துக்கும் ஒரே உலோகம், ஏறத்தாழ ஒரே நிறம். எழுத்து சற்று மேடாக நிற்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். தேய்ந்த காசில் அந்த மேடு ஒரு கடதாசியின் தடிப்பளவுக்கு வந்துவிட்டிருக்கும். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கிறது, நிழலே இல்லை, எழுத்தும் இல்லை. தொலைபேசியின் ஃபிளாஷ் செய்வது இதைத்தான். அது லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்து நேராக அடிப்பதால் காசின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். ஆகவே ஃபிளாஷை முதலில் நிறுத்திவிடுங்கள்.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, யன்னல் திரையையும் இழுத்துவிட்டு, ஒரு ரோர்ச் லைற்றை மேசையோடு ஒட்டினாற்போலச் சாய்வாகப் பிடியுங்கள். இரண்டாவது தொலைபேசியின் ரோர்ச்சும் போதும். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சார்ஜ் விளக்கு எங்காவது மூலையில் கிடந்தால் அதுவும் நன்றாக உதவும். காசிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி, காசின் மட்டத்திலிருந்து 4 முதல் 7 சென்ரிமீற்றர் உயரத்தில் விளக்கு இருந்தால், ஒளி 10 முதல் 20 பாகை சாய்வில் காசைத் தடவிக்கொண்டு போகும். அதுவரை வெறும் தகடாகத் தெரிந்த இடத்தில் காளையின் திமிலும் மடக்கிய காலும் எழும்பி வருவதைப் பார்க்கலாம். மாலை வெயிலில் தார் வீதியின் சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழுவது போன்றதுதான் இது. கல்வெட்டு வாசிப்பவர்கள் இரவில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து வாசிப்பதும் இதே காரணத்தால்தான்.

விளக்கை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வருவதாகவே மனிதக் கண் எடுத்துக்கொள்கிறது. சூரியன் வானத்தில் இருக்கும் உலகத்தில் பழகிய கண் அது. ஆகவே படத்தில் வெளிச்சம் காசின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால் மேடான எழுத்து குழியாகவும், குழி மேடாகவும் தெரியத் தொடங்கும். 'காசில் எழுத்து தோண்டப்பட்டிருக்கிறது' என்று சிலர் தடுமாறுவது இதனால்தான். படத்தின் மேற்பக்கத்திலிருந்தோ, மேல் இடப்பக்க மூலையிலிருந்தோ ஒளி வரும்படி வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

ஆனால் ஒரே ஒரு திசையில் நின்றுவிடவும் கூடாது. ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. 'சே' என்பதன் நிமிர்ந்த கோடுகள் இடப்பக்க ஒளியில் நன்றாகத் தெரியும்; கிடையான கோடுகள் மறைந்துவிடும். எனவே தொலைபேசியையும் காசையும் அசைக்காமல் விளக்கை மட்டும் சுற்றிக்கொண்டு, மேல், இடம், வலம், கீழ் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு படங்கள் எடுங்கள். முதன்மைப் படமாக மேல் ஒளியில் எடுத்ததை வைத்துக்கொள்ளலாம். மற்றவை எழுத்தை வாசிக்க உதவும். அருங்காட்சியகங்களில் பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த பத்துக் கணக்கான படங்களைக் கணினியில் இணைத்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அதன் ஏழை வீட்டு வடிவம் இது. இன்னும் இலகுவான வழி, விளக்கை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி 20 செக்கன் காணொளி எடுத்துவிடுவது. ஒரு படத்தில் புரியாத எழுத்து, நிழல் நகரும்போது புரிவதுண்டு.

புதிய, பளபளப்பான குற்றிகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. மத்திய வங்கி 2013 இல் 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக வெளியிட்ட பத்து ரூபாக் குற்றிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், ரோர்ச் அடித்தால் கண்ணைக் கூசும் கீற்றுகள்தான் கிடைக்கும் என்பதை அறிவார்கள். அவற்றுக்குப் பரந்த, மென்மையான ஒளி வேண்டும். நேர்வெயில் படாத யன்னலோரம் சிறந்த இடம். விளக்குத்தான் என்றால், விளக்குக்கும் குற்றிக்கும் இடையில் ஒரு வெள்ளை ரிசு அல்லது எண்ணெய்க் கடதாசியைப் பிடியுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல்ப்பக்கமும் சற்றுத் தெளியும். வெள்ளிக்காசுக்கும் இதே முறைதான். மலிவான எல்ஈடி மின்குமிழ் சிலவற்றின் ஒளியில் படத்தில் கிடைக்கோடுகள் ஓடும்; அப்படி வந்தால் தொலைபேசியைத் திட்டாமல் மின்குமிழை மாற்றுங்கள்.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

மங்கலான படங்களில் பெரும்பாலானவை, ஆசையில் மிகக் கிட்டப் போனதால் மங்கியவை. ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்குமேல் நெருங்க முடியாத ஓர் எல்லை இருக்கிறது. பல தொலைபேசிகளின் பிரதான கமெராவுக்கு அது 8 முதல் 10 சென்ரிமீற்றர். வேடிக்கை என்னவென்றால், பெரிய உணரி பொருத்திய புதிய, விலை கூடிய தொலைபேசிகளில் அந்த எல்லை 15, 20 சென்ரிமீற்றர் என்று தள்ளிப்போயிருக்கிறது. ஆகவே கிட்டக் கிட்டப் போய், படம் மங்கத் தொடங்கும் இடத்தில் நின்று, அங்கிருந்து சற்றுப் பின்வாங்குங்கள். காசு திரையை நிரப்பாமல் நடுவில் சிறிதாகத்தான் தெரியும். பரவாயில்லை. 12 மெகாபிக்சல் கமெராவில் 10 சென்ரிமீற்றர் தூரத்தில் எடுத்தால், 2 சென்ரிமீற்றர் காசின் குறுக்கே ஏறத்தாழ 600 பிக்சல்கள் கிடைக்கும். பிறகு வெட்டியெடுத்துப் பெரிதாக்கினாலும் எழுத்து வாசிக்க அது போதும். 48 அல்லது 50 மெகாபிக்சல் முறை இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள்; விவரம் இன்னும் கூடும்.

மெக்ரோ என்று தனியாக ஒரு கமெரா உள்ள மலிவான தொலைபேசிகளும் வந்திருக்கின்றன. அவற்றில் பல வெறும் 2 மெகாபிக்சல்தான். பெயரை நம்பாமல், அதில் ஒன்றும் பிரதான கமெராவில் ஒன்றும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிரதான கமெராவே வெல்லும். விலை கூடிய தொலைபேசிகள் நெருங்கியதும் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடுகின்றன. அந்த லென்ஸ் 2, 3 சென்ரிமீற்றர் வரை நெருங்கும் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு கிட்டத்தில் தொலைபேசியின் நிழலே காசின்மேல் விழுகிறது, சாய்வாக ஒளி கொடுக்கவும் இடமில்லை, வட்டமான காசின் விளிம்பும் இழுபட்டுத் தெரிகிறது. மிகச் சிறிய காசுகளுக்கு மட்டும், அதாவது இங்கே கிடைக்கும் சிறிய உரோமச் செப்புக்காசு போன்றவற்றுக்கு, அதைப் பயன்படுத்தலாம். லென்ஸின்மேல் கொழுவும் சிறு உருப்பெருக்கி வில்லைகளுக்கும் இதே குறைகள் உண்டு.

தொலைத்தொடர்பு நிலையங்களில் உள்ள ஸ்கானரில் காசை வைத்து எடுத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அளவு சரியாக வரும். தேய்ந்த எழுத்து வராது.

கையை நம்ப வேண்டாம்

சாய்வொளியில் எடுக்கும்போது வெளிச்சம் குறைவு. கமெரா தன் கண்ணைச் சற்று அதிக நேரம் திறந்துவைக்கும். அந்த நேரத்தில் கை நடுங்கினால் படம் கலங்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் தொலைபேசியைப் படுக்கவைத்து, கீழே காசை வையுங்கள். லென்ஸுக்கு நேரே உள்ள இடத்தில் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். அல்லது கமெராப் பகுதி மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். தொலைபேசி காசுக்குச் சமாந்தரமாக இருப்பது முக்கியம். சரிந்திருந்தால் ஒரு விளிம்பு தெளிவாகவும் மறு விளிம்பு மங்கலாகவும் வரும். பொத்தானைத் தொடும் அசைவைத் தவிர்க்க 3 செக்கன் தாமத முறையைப் பயன்படுத்துங்கள். லென்ஸை ஒருமுறை மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதையும் மறக்க வேண்டாம். சட்டைப்பையில் இருந்த தொலைபேசியின் கைரேகைப் பிசுக்கு எந்தக் கமெராவையும் தோற்கடித்துவிடும்.

திரையில் காசின் எழுத்துள்ள இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளி அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அதன்பின் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழ்நோக்கி இழுத்துப் படத்தைச் சற்று இருளாக்குங்கள். மேடான இடங்கள் வெளிறிப் போயிருந்தால் பிறகு மீட்க முடியாது. இருளாக இருப்பதை ஓரளவு வெளிச்சமாக்கலாம். அழகாக்கும் வடிகட்டிகளையும் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் வசதிகளையும் நிறுத்திவிடுங்கள். அவை இல்லாத கோட்டை இருப்பதாகக் காட்டக்கூடியவை. ஒரு கோடு கூடினாலோ குறைந்தாலோ வேறு எழுத்தாகிவிடும் இடத்தில் அது விளையாட்டல்ல. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது வேறு. களிம்பின் பச்சையும் சிவப்பும் கண்ணைக் குழப்பாமல் வடிவம் மட்டும் தெரிய அது உதவும். நூறு வருடங்களுக்கு முந்திய நாணய நூல்கள் பலவற்றில் காசையே படம் எடுக்காமல், அதற்கு வெள்ளைச் சுண்ண அச்செடுத்து அந்த அச்சைப் படம் எடுத்தார்கள். அவர்களை வருத்தியதும் இதே நிறமும் பளபளப்பும்தான்.

காசை எதன்மேல் வைப்பது? பூப்போட்ட மேசைவிரிப்பும் உள்ளங்கையும் வேண்டாம். தூய வெள்ளைக் கடதாசியில் வைத்தால் கமெரா அந்த வெள்ளைக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொண்டு காசைக் கறுப்பாக்கிவிடும். சாம்பல் நிற அட்டை நல்லது. காசின் கீழே ஒரு சிறிய அழிறப்பர் துண்டை மறைவாக வைத்து உயர்த்தினால் காசு தளத்திலிருந்து பிரிந்து தெரியும். ஒரு படத்திலாவது அடிமட்டம் காசின் பக்கத்தில், அதே உயரத்தில் இருக்கட்டும். கீழே கிடக்கும் அடிமட்டம் தூரமாக இருப்பதால் அளவு பிழைக்கும். விளிம்பையும் ஒரு படம் எடுங்கள். வார்த்த போலிகளில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிவதுண்டு. நிறையை நகைக்கடைத் தராசில் இரண்டு தசமதானம் வரை பார்த்துக் குறித்துக்கொண்டால், அடையாளம் சொல்பவருக்கு அது இன்னொரு படத்துக்குச் சமம்.

பிற்காலக் காசுகளில் எந்த இடத்தில் கவனம் வைப்பது என்பது வேறு. ஒல்லாந்தர் காலச் செப்புத் துட்டுகளில் வி, ஓ, சி எழுத்துகள் பின்னிய முத்திரையின் கீழே ஆண்டும், மறுபக்கத்தில் ஒல்லாந்து நாட்டு மாகாணம் ஒன்றின் சின்னமும் இருக்கும். அந்த ஆண்டின் கடைசி இலக்கமும் சின்னமும் தெரிந்தால் போதும். 1815 ஆம் ஆண்டின் யானை பொறித்த ஆங்கிலேயர் காலச் செப்புக்காசில் யானை எப்படியும் தெரியும். ஆண்டைத்தான் ஒளியில் பிடிக்க வேண்டும்.

கழுவ வேண்டாம்

படம் தெளிவாக வரட்டும் என்று பழப்புளி போட்டு விளக்குவது, சாம்பல் தேய்ப்பது, தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைப்பது, பித்தளை மினுக்கும் திரவம் பூசுவது எல்லாம் நம்மவரிடையே உள்ள பழக்கங்கள். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்குச் சரியில்லை. அமிலம் களிம்பை மட்டும் எடுப்பதில்லை. நூற்றாண்டுகளாகச் செம்பு உருமாறி அந்தக் களிம்பாகியிருக்கிறது. எழுத்தின் மெல்லிய மேடு சில வேளைகளில் அந்தப் படையில்தான் மிஞ்சியிருக்கும். அதை உரித்தால் பளபளக்கும் ஒரு வெறும் செம்புத் தகடு கையில் மிஞ்சலாம். சேகரிப்பாளரும் அப்படித் தேய்த்த காசுக்கு விலை குறைத்தே மதிப்பிடுவார். ஒட்டியிருக்கும் உதிர் மண்ணை மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். அதற்குமேல் தொடாமல், சாய்வொளியைக் கொண்டே வாசிக்கப் பாருங்கள்.

அனுப்பும்போது

இவ்வளவும் செய்து எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். வாசிக்கக்கூடியதாக இருந்த எழுத்து மறுமுனையில் மீண்டும் கறையாகிவிடும். படம் என்று அனுப்பாமல் ஆவணம் என்ற தெரிவில் அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள். மூலக் கோப்பு அப்படியே போகும்.

மூலக் கோப்போடு இன்னொன்றும் போகக்கூடும். தொலைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும். காசு கண்டெடுத்த இடம் ஆய்வாளருக்கு மிக முக்கியமான தகவல். இடம் தெரியாத காசு பாதிச் சான்றுதான். அதே தகவல் புதையல் தோண்ட அலைபவர்களிடம் போனால் மறுவாரம் அந்தக் காணியில் குழி இருக்கும். நம்பிக்கையான ஒருவருக்கு இடத்தை எழுதி அனுப்புங்கள். முகநூலில் பகிரும் படத்தில் இடமும் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம்.

நிலத்தில் கிடைத்த காசு என்றால் சட்டமும் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தற்செயலாகக் கிடைக்கும் தொல்பொருளை அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. திணைக்களத்தின்மீது பலருக்கும் பல காரணங்களால் நம்பிக்கைக் குறைவு இருப்பது தெரியாததல்ல. அப்படியானவர்களுக்கும், காசு கைமாறுவதற்கு முன் திகதியோடு எடுத்த தெளிவான படங்கள் தங்களிடம் இருப்பது ஒரு பாதுகாப்பு.

"உங்கள் பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், படத்தை அனுப்புங்கள்" என்ற விளம்பரங்களுக்கு மட்டும் எந்தப் படமும் போக வேண்டாம். படம் போன பிறகு பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று பணம் கேட்கத் தொடங்குவார்கள். தன் பெயரைப் பயன்படுத்தி இப்படிப் பழைய நாணயம் வாங்குவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஓகஸ்டில் எச்சரித்தது. அந்த விளம்பரங்கள் தமிழில் நம் திரைகளுக்கும் வருகின்றன.

எடுத்த படங்களைத் தொலைபேசியிலேயே விட்டுவைக்காமல் வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். காசைத் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, உறையின்மேல் படத்தின் கோப்பு எண், நிறை, அகலம், யார் எங்கே எப்போது கண்டெடுத்தார் என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். எழுதிய பிறகு காசை உள்ளே போடுங்கள். உள்ளே போட்டபின் எழுதினால் பென்சிலின் அழுத்தம் காசில் கீறலாக விழும்.